ஒரு முகம் கேட்டுத் திண்டிவனம் போனேன்

"முகம் வேண்டும், அக்கா. முகம் இல்லாமல் ஒருவரும் நின்று பார்க்க மாட்டார்கள்" என்று மலாயில் சொன்னாள் நூருல். அவளுக்கு இருபத்து நான்கு வயது. கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக ஒரு உதவிக் குழு நடத்துகிறோம். அதன் இணையப் பக்கம் முழுக்க அவள் பொறுப்பு. தமிழ் மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. முப்பது வருடம் பள்ளியில் பாடம் எடுத்தவள் என்பதால் எல்லாரையும் அதட்டும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்துவிட்டது.

முகம் வேண்டியிருந்தது ஏழுமலைக்காக. திண்டிவனத்துப் பக்கத்துக்காரர். நான்கு வருடமாகக் கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அடுப்படி வேலை. வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய முதலாளி, கடவுச்சீட்டை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியதோடு சரி. ஒருநாள் காலை குடிநுழைவு அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். முதலாளி பின்வாசல் வழியாக நழுவிவிட்டார். தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருந்த ஏழுமலை மாட்டிக்கொண்டார். இப்போது தடுப்பு முகாமில் இருக்கிறார். மூன்று வாரத்தில் நீதிமன்றத்தில் நிறுத்தப்போகிறார்கள். முதலாளியின் தவறுக்கு இவரைச் சிறையில் போடாதீர்கள், ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

விசாரணை அன்று கல்லூரிப் பிள்ளைகள் திரண்டு வந்து உட்கார்ந்தால் இந்த வழக்கைப் பத்தோடு பதினொன்றாக முடித்துவிட மாட்டார்கள் என்று எங்கள் வழக்கறிஞர் நம்பினார். அந்தப் பிள்ளைகளை வரவழைக்கத்தான் இணையப் பிரச்சாரம். கேலிச்சித்திரம் போட்டோம், கேள்வி பதில் போட்டோம், சட்டப் பிரிவுகளை வண்ண வண்ணமாகப் போட்டோம். எங்கள் குழுவினரும் அவரவர் அம்மாக்களும் விழுந்து விழுந்து பார்த்தார்கள். வேறு யாரும் பார்க்கவில்லை.

படத்தையும் பெயரையும் போடலாமா என்று வழக்கறிஞர் முகாமில் ஏழுமலையைக் கேட்டார். "வீட்ல கேளுங்க சார். அது சரின்னா சரி" என்று சொல்லி அனுப்பினார் அவர். அவர் மனைவி பச்சையம்மாளோ தொலைபேசியில் எதைக் கேட்டாலும் "ம்" என்பார், இல்லையென்றால் வைத்துவிடுவார். ஆகவே நேரில் போய்க் கேட்டு வர என்னை அனுப்பினார்கள். என்னிடம் இரண்டு தகுதிகள் இருந்தன: தமிழ், வேலை இல்லாத நேரம்.

சென்னையில் ஏறிய பேருந்து என்னைத் திண்டிவனத்தில் இறக்கிவிடும் என்று நம்பி ஜன்னலோரம் தூங்கிப்போனேன். நடத்துநர் தோளருகே வந்து கத்தினார். "யம்மா, திண்டிவனம்! எறங்கு, எறங்கு. உள்ள போவாது, பைபாஸ்தான்!" கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினால் மேம்பாலத்தின் அடியில் நிற்கிறேன். முன்னால் நெடுஞ்சாலை, தலைக்குமேல் வெயில், காலடியில் என் பெட்டி. ஊர் மட்டும் இல்லை. கிள்ளானில் பேருந்து நிலையத்துக்குள் வராத பேருந்தை நான் பார்த்ததில்லை. இங்கே ஊருக்குள் வரும் பேருந்து எது என்று முன்கூட்டியே கேட்டு ஏற வேண்டுமாம். அந்தச் சாமர்த்தியம் எனக்கு நாலாம் நாள்தான் வந்தது.

ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. "ஃபாரினாம்மா?" என்றார் ஓட்டுநர்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இந்த ரோட்ல பொட்டிய இழுத்துக்கினு வர்றீங்களே. சொந்த ஊரு எது?"

"கிள்ளான்."

"அது கெடக்குதும்மா. நம்ம பக்கம் எந்த ஊரு?"

என் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்படியே சொன்னேன். அவருக்கு என்மேல் மிகுந்த பரிதாபம் வந்துவிட்டது. "அப்ப திண்டிவனம்னே வெச்சிக்கோங்க" என்று ஊரையே எனக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டார்.

விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு இட்லியும் வடைகறியும் சாப்பிட்டேன். எங்கள் ஊரிலும் வடைகறி என்று ஒன்று தருவார்கள். அதைப் பற்றி இனிமேல் பேசுவதற்கில்லை. கை கழுவி வரும்போது பச்சையம்மாளின் தம்பி விக்னேஷ் வந்து காத்திருந்தான். கணினிப் பட்டம் படித்தவன். திண்டிவனத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை. அக்கா புருஷன்மேல் உயிரையே வைத்திருந்தான். "மாமாதான் மேடம் எனக்கு ஃபீஸ் கட்னாரு. நான் இன்ஸ்டால போட்டேன்னா ஒரே நாள்ல வைரல் ஆவும். அக்காதான் வேணாம் வேணாம்னு சொல்லிக்கினு இருக்கு" என்று பொருமினான்.

டீ குடிக்க அழைத்துப் போனான். கடையில் சிமெண்ட் தூசியோடு இரண்டு இளைஞர்கள் வந்து நின்றார்கள். ஒடிசாக்காரர்களாம். எங்களை "இன்னா சாப்டறீங்க?" என்று கேட்ட கடைக்காரர் அவர்களை "இன்னாடா வேணும்?" என்று கேட்டார். அவர்கள் குடித்துவிட்டுப் போனதும் விக்னேஷ், "எங்க பாத்தாலும் வடக்கனுங்க மேடம். இருக்கற வேலைய எல்லாம் புடிச்சிக்கினானுங்க. ஊரே பேஜாரு" என்றான்.

ஏழுமலையைப் பற்றிக் கிள்ளானில் இதே வாக்கியத்தை மலாயில் கேட்டிருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, தமிழிலும் கேட்டிருக்கிறேன். விக்னேஷிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவனால் ஆக வேண்டிய காரியம் இருந்ததால் டீயை ஊதிக் குடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் பச்சையம்மாளோடு விழுப்புரம் போனேன். ஏழுமலை இந்த ஊர்க்காரர்தான் என்பதற்கு ஒரு சான்று வாங்க வேண்டியிருந்தது. திண்டிவனம் ரயில் நிலையத்தில் நான் நிழலாகப் பார்த்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ரயில் எதிர் நடைமேடைக்கு வந்தது. பச்சையம்மாள் என் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறி ஓடினார். ஒடிசலான உடம்பு. வயது முப்பத்து மூன்று. அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ரயிலில் மூச்சு வாங்க உட்கார்ந்து, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். காலையில் யாரைப் பார்த்தாலும் நாங்கள் கேட்பதுதான். "அவரும் போன்ல இப்டித்தான் கேப்பாரு. அங்க போய்க் கத்துக்கினது" என்றார். பிறகு விழுப்புரம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அலுவலகத்தில் எங்கள் வேலை மதியத்துக்குள் முடிந்தது. கையெழுத்துப் போட்ட அம்மாள், "மலேசியாவுல எங்க சித்தப்பா பையனும் இருக்கான்" என்று முத்திரையை அழுத்திக் குத்தினார். பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு. காரக்குழம்பு கண்ணில் நீர் வரவழைத்தது. ஆனாலும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன். பச்சையம்மாள் தன் இலையில் வைத்த வடையை எடுத்துக் காகிதத்தில் மடித்தார். மகளுக்காம். ஒன்பதாவது படிக்கிறாள். நல்ல சமயம் என்று நான் பேச்சை எடுத்தேன்.

"போட்டோ போட்டா உட்டுருவாங்களாக்கா?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா நாலு பேர் பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சா யோசிப்பாங்க."

"எங்க ஊர்லயும் நாலு பேரு பாப்பாங்களே. அவரு வேலையிலதான் இருக்காருன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிக்கினு இருக்கேன். ஜெயில்ல இருக்காருன்னு தெரிஞ்சா இன்னா சொல்லுவாங்க? திருடிட்டான், எவளையோ கைய புடிச்சி இழுத்துட்டான்னு சொல்லுவாங்க. எம்பொண்ணு எப்டிக்கா பள்ளிக்கூடத்துல போய்க் குந்தும்?"

"அது ஜெயில் இல்லம்மா. தடுப்பு முகாம்."

"வெளிய பூட்டு போட்டுருக்குதா இல்லியா?"

பூட்டுப் போட்டிருக்கிறது. நான் மோரைக் குடித்தேன்.

"வேணாங்க்கா. அவரு எப்டியாச்சும் வந்துருவாரு. எங்கள வுட்டுருங்க" என்று சொல்லிவிட்டு இலையை மூடினார். அந்த மூன்று வாரத்தில் 'எப்படியாச்சும்' என்பதற்கு எங்கள் கையில் ஒரு வழியும் இல்லை. ஆனாலும் வற்புறுத்த மனம் வரவில்லை. முகம் கிடைக்காது என்று நூருலுக்குச் செய்தி அனுப்பினேன். பெருமூச்சு விடும் எமோஜி ஒன்று பதிலாக வந்தது.

சாயங்காலம் விக்னேஷிடமும் சொன்னேன். முகம் சிவந்துபோனான். "அதுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். நாங்க பாத்துக்கறோம்" என்றான். பிள்ளைகள் 'நாங்க பாத்துக்கறோம்' என்று சொன்னால் என்ன நடக்கும் என்று முப்பது வருட அனுபவத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் களைத்திருந்தேன். சரி சரி என்று போய்ப் படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் விடைபெற்றுக்கொள்ள அவர்கள் ஊருக்குப் போனேன். கூட்டேரிப்பட்டில் இறங்கி, உள்ளே போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போகவேண்டும். பச்சையம்மாள் ஒருவர் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். நிலக்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். பிடுங்கிப் போட்ட செடிகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து காய்களைக் கையால் உருவிக் கூடையில் போடுகிறார்கள். நானும் உட்கார்ந்தேன். அவர்கள் ஒரு கூடை நிரப்பும் நேரத்தில் நான் ஒரு கையளவு சேர்த்தேன். "மலேசியாக்காரம்மா எண்ணி எண்ணிப் போடுது" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பச்சையம்மாளும் சிரித்தார். தூக்குவாளியிலிருந்து கேப்பைக் கூழ் ஊற்றிக் கொடுத்தார். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அதைக் குடித்தபோது வயிறு குளிர்ந்தது.

அப்போது அவருடைய பட்டன் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். போன் கையிலிருந்து நழுவிச் செடிக்குள் விழுந்தது. எழுந்து வரப்பில் ஓட ஆரம்பித்தார்.

பக்கத்திலிருந்த பெண் போனை எடுத்துக் கேட்டுவிட்டு, "ஐயோ, பச்சையம்மா வூட்டுக்காரரு செத்துப் பூட்டாராமே! மலேசியாவுல!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

முகாமில் யாருக்கும் எதுவும் நடக்கலாம். அப்படி நடந்த செய்திகளை நானே மொழிபெயர்த்திருக்கிறேன். நூருலைக் கூப்பிட்டேன். இணைப்பு கிடைக்கவில்லை. ஓடிக்கொண்டே மறுபடி கூப்பிட்டேன். செருப்பு அறுந்தது, கழற்றி எறிந்தேன். மேட்டில் ஏறியதும் அவள் குரல் கேட்டது. "யார் சொன்னது? வழக்கறிஞர் இன்று காலையில்தானே பார்த்துவிட்டு வந்தார்? காய்ச்சல்கூட இல்லை, அக்கா!"

பச்சையம்மாள் எனக்கு எட்டாத தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். கத்தினேன். கேட்கவில்லை. அவர் வீடு போய்ச் சேர்ந்து, நானும் போய்ச் சேர்வதற்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதற்காக என்னை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தெருவில் பெண்கள் தோளோடு தோள் பிடித்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் மாலையோடு வந்துகொண்டிருந்தார்கள். விழுப்புரத்திலிருந்து பச்சையம்மாளின் தாய்மாமன் அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே புதுப் புடவை. கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற கோடி அது. பச்சையம்மாள் வாசலில் தலைமயிர் அவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மாமனின் கையிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உயிரோட இருக்காரு!" என்றேன். ஒப்பாரியில் யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது முறை என் வகுப்பறைக் குரலை எடுத்தேன். "எல்லாரும் வாயை மூடுங்க!" தெரு அடங்கியது. போனை ஒலிபெருக்கியில் வைத்துப் பச்சையம்மாளின் முன்னால் நீட்டினேன். நூருலுக்குத் தமிழில் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் தெரியும். அத்தனையையும் திரட்டிக்கொண்டு சொன்னாள். "ஏழுமலை அண்ணன் நல்லா இருக்கு. சோறு சாப்பிட்டாச்சு. அக்கா அழாத."

அப்போதுதான் பச்சையம்மாள் அழுதார். மாமன் மஞ்சள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மாலைகளை என்ன செய்வது என்று ஒரு பக்கம் பேச்சு. "அம்மன் கோயிலுக்குச் சாத்திடலாம்" என்றார் ஒருவர். "சாவுக்கு வாங்கினத சாமிக்குப் போடுவியா நீ?" என்று அவர் மனைவி பாய்ந்தார்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. காலையில் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் முழுக்க ஒரு படம் சுற்றியிருக்கிறது. ஒருவர் என்னிடம் காட்டினார். வெள்ளைப் பின்னணி. நடுவில் நீள்வட்டத்தில் வெள்ளைச் சட்டையோடு ஏழுமலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பூச்சரம், மேகத்தில் இரண்டு புறா. 'மலேசிய மண்ணில்' என்று பெரிய எழுத்து. அதன் கீழே, கண்ணாடி போட்டுத் தேடினால் தெரிகிற அளவில், 'தவிக்கும் எங்கள் மாமாவை மீட்க இளைஞர்களே திரண்டு வாரீர்'. இந்தப் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் ஃபிளெக்ஸ் அடிக்காமல் நடப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிசைன் உண்டு, அதைப் பார்த்த மாத்திரத்தில் ஊருக்குப் புரிந்துவிடும். குத்துவிளக்கையும் புறாவையும் பார்த்த பிறகு எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள்? 'நாங்க பாத்துக்கறோம்' என்று விக்னேஷ் சொன்னது இதைத்தான்.

மூன்று பைக்குகள் வந்து நின்றன. விக்னேஷும் கூட்டாளிகளும். நடுவில் ஒல்லியாக ஓர் இளைஞனைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். கூட்டேரிப்பட்டு ஃபிளெக்ஸ் கடையில் கணினியில் வேலை பார்க்கும் பிகாஷ். ஒடிசாக்காரன்.

"இவன்தான்! இந்த வடக்கன்தான் டிசைன மாத்திப் போட்டுட்டான்!" என்று கத்தினான் விக்னேஷ்.

அழுதுகொண்டிருந்த கூட்டத்துக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டது. "ஊர் விட்டு ஊர் வந்து எங்க வூட்ல சாவு வெக்கிறியா?" என்று ஒருவர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ஒரு பொத்தான் தெறித்தது. இன்னொருவர் கையை ஓங்கினார். நான் நடுவில் போவதற்குள் பச்சையம்மாள் போய்விட்டார்.

"கைய எடுங்க. கைய எடுங்கன்றேன்!"

எடுத்தார்கள்.

"இன்னா நடந்துச்சு, நீ சொல்லுப்பா" என்றார் பிகாஷிடம்.

"தம்பி போன்ல காட்டுச்சுக்கா. இந்த டிசைன் போடு சொல்லுச்சு. பர்த்டேவான்னு கேட்டேன். இல்ல, சீரியஸ் மேட்டர்னு சொல்லுச்சு. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

பச்சையம்மாள் தம்பியின் பக்கம் திரும்பினார். "டிசைன் யாருடா எடுத்தது?"

விக்னேஷ் தரையைப் பார்த்தான். "நான்தாங்க்கா. பர்த்டே டிசைன்ல லைட்டெல்லாம் மின்னுது. மாமா கஷ்டத்துல இருக்காரு, ஒயிட்ல போட்டாத்தான் மரியாதையா இருக்கும்னு…"

"அப்ப இன்னாத்துக்கு இந்தப் புள்ள மேல போட்ட?"

"அவன் வடக்கன்தானக்கா" என்றான். குரலே எழவில்லை.

"உங்க மாமா அங்க யாருடா?"

பச்சையம்மாள் பிகாஷை வாசலில் உட்கார வைத்தார். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தலைமயிரை முடிந்துகொண்டு என்னிடம் வந்தார். "அக்கா, போன எடுங்க. நான் பேசறேன்."

"இப்ப வேணாம்மா. மனசு ஆறட்டும். நாளைக்கு யோசிச்சு…"

"தாலியத் தடவிப் பாத்துக்கினே ஓடியாந்தேங்க்கா. இதுக்கு மேல இன்னா வெக்கம்?"

என்ன பேச வேண்டும் என்று நூருல் மூன்று குறிப்புகள் எழுதிக் கொடுத்திருந்தாள். அவை என் பையிலேயே கிடந்தன. மாலை வைத்திருந்தவர்கள், ஒப்பாரி வைத்தவர்கள், மஞ்சள் பைக்காரர் எல்லாரும் பின்னால் நிற்க, பச்சையம்மாள் என் கைப்பேசியைப் பார்த்துப் பேசினார்.

"என் பேரு பச்சையம்மாள். எங்க வீட்டுக்காரரு பேரு ஏழுமலை. உங்க ஊர்ல தோசை சுட்டுக்கினு இருந்தாரு. அவரு எதையும் திருடல. பாஸ்போட்ட வாங்கி வெச்சிக்கினவரு வெளிய இருக்காரு, இவரு உள்ள இருக்காரு. இன்னிக்கு எங்க ஊருக்காரங்க இந்தப் புள்ளையோட சட்டையைப் புடிச்சாங்க. இது செய்யாத தப்புக்கு. கேக்க ஆளில்லாத புள்ளைன்னு புடிச்சாங்க. நான் நடுவுல போய் நின்னேன். அங்க எங்க வீட்டுக்காரரு சட்டையை யாராச்சும் புடிச்சா, நீங்க நடுவுல போய் நில்லுங்க. நான் அவ்ளோ தூரம் வர முடியாது."

அவ்வளவுதான். கும்பிடவில்லை, கெஞ்சவில்லை. என் கண் மறைத்ததால் கடைசிப் பகுதியில் படம் கொஞ்சம் ஆடியிருக்கும்.

வதந்தி மகளுக்கு முன்னால் போய்விடக் கூடாது என்று விக்னேஷ் பள்ளிக்குப் பைக்கில் பறந்தான். சாயங்காலம் அவளை உட்கார வைத்து அம்மாவே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா பேசிய காணொளியைப் பார்க்கக் கொடுத்தோம். இரண்டு முறை பார்த்தாள். "முந்தானைய ஒழுங்கா இழுத்து வுட்டுக்கினு பேசியிருக்கலாம் இல்லம்மா" என்றாள் முதலில். பிறகு என்னிடம், "போடுங்க ஆண்ட்டி. யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

விக்னேஷும் பிகாஷும் அதற்குள் இன்னொரு படம் தயாரித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். 'மாமா நலமாக உள்ளார்'. இந்த முறை பர்த்டே டிசைன். சுற்றிலும் விளக்குகள் மின்னின.

நான்காம் நாள் ஊருக்குள் வரும் பேருந்தைக் கேட்டுப் பிடித்துக் கிளம்பினேன். போகும் வழியெல்லாம் நூருலோடு சண்டை. "அந்த இன்னொரு பையன் கதையை வெட்டிவிடலாம், அக்கா. மனைவி பேசுவது மட்டும் போதும். பிள்ளைகள் இவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள்" என்றாள். "வெட்டினால் மொத்தமாகப் போடாதே" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே மலாய் எழுத்தைக் கீழே ஓடவிட்டு முழுதாகப் போட்டாள்.

பிள்ளைகள் பார்த்தார்கள். வெட்டச் சொன்ன பகுதியைத்தான் எடுத்து எடுத்துப் போட்டார்கள். 'நடுவில் வந்து நில்' என்று மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் எழுதிய அட்டையோடு படமெடுத்துக்கொண்டார்கள். வந்த வழியே போகச் சொல்லுங்கள் என்று திட்டியவர்களும் நிறைய இருந்தார்கள். அவற்றைப் பச்சையம்மாளுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஏழுமலையை ஊருக்கு அனுப்ப உத்தரவானது. பிள்ளைகள் வந்ததால்தானா, சான்று சரியாக இருந்ததாலா, வழக்கறிஞரின் திறமையாலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏழுமலை நீதிமன்ற அறைக்குள் போவதற்கு முன்னால் வராந்தாவில் நடந்தது எனக்குத் தெரியும்.

அட்டை, கோஷம் எதுவும் கூடாது என்று வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் பிள்ளைகள் வெறுங்கையோடு வந்து பெஞ்சுகளிலும் தரையிலும் படிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஏழுமலையைக் கைவிலங்கோடு அழைத்து வந்தார்கள். மிகவும் இளைத்திருந்தார். முகாமில் கைப்பேசி கிடையாது, அதன்பிறகு வழக்கறிஞருக்கும் அவரைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. பச்சையம்மாள் பேசியதும் ஊர் அழுததும் எதுவும் அவருக்குத் தெரியாது. வழக்கறிஞர் கேட்டுக்கொண்டதால் அவரோடு பேச எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள்.

அவர் கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கிச் சுவரோரம் நின்றார். "இன்னாங்க்கா, இவ்ளோ புள்ளைங்க? இன்னிக்கு யாராச்சும் பெரிய ஆளு கேஸா?"

"உங்க கேஸுதான் ஏழுமலை."

அவர் நம்பவில்லை. "என்னை இவங்களுக்கு எப்டித் தெரியும்?"

"உங்க வீட்டுக்காரம்மா கூப்பிட்டாங்க."

"பச்சையம்மாவா?" என்றார். "பக்கத்து வூட்ல உப்பு கேக்கவே கூச்சப்படுமே அது." விலங்கிட்ட இரண்டு கைகளையும் சேர்த்துத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் அடியெடுத்து வைத்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.